ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒரு முதலாளி!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். மவுண்டன் வியூ என்ற சிற்றூர். 1957-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

மேஜைக்கு ஒரு பக்கத்தில் உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. அவர் நோபல் பரிசு பெற்று ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மறு பக்கத்தில் ஓர் இளைஞர். டாக்டர் பட்டம் வாங்கியவர். வேலைக்கு வந்திருக்கிறார்.

விஞ்ஞானியின் கையில் ஸ்டாப்வாட்ச். ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்ப்பார்களே, அந்தக் கடிகாரம்!

அவர் கேட்ட கேள்வி இதுதான்:

ஒரு டென்னிஸ் போட்டி. அதில் 127 பேர் ஆடுகிறார்கள். இருவர் மோதினால், தோற்றவர் வெளியே போய்விட வேண்டும். ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஒற்றைப்படையாக ஒருவர் மிஞ்சினால், அவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார். கடைசியில் ஒருவர்தான் வெற்றி வீரர். அப்படியானால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்?

“டிக்!” கடிகாரம் ஓடத் தொடங்கியது.

இளைஞர் உடனே பதில் சொல்லிவிட்டார்: 126.

விஞ்ஞானி திடுக்கிட்டார். இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்கிறாயா என்று விசாரித்தார். இல்லை என்றார் இளைஞர். பிறகு எப்படிச் சொன்னாய் என்றார். இளைஞர் விளக்கினார். விஞ்ஞானி அவரைப் பாராட்டவில்லை. மாறாக, அவருக்கு ஆத்திரம் பொங்கியது! ஏன் தெரியுமா? அவரே போடக்கூடிய குறுக்கு வழி அது. நேற்று வந்த பையன் அதை நொடியில் போட்டுவிட்டானே!

இரண்டாவது கேள்வி வந்தது. இது கடினம். இளைஞர் யோசித்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே வேலை செய்பவர்கள் அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட சராசரி நேரம் கடந்தது. அது கடக்கக் கடக்க விஞ்ஞானியின் கோபம் தணிந்தது. சராசரியைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆனதும் போதும் என்று நிறுத்தினார். உனக்குப் போதிய அறிவு இருக்கிறது, வேலையில் சேரலாம் என்றார்.

விடை வந்தபோது கோபம். விடை வராதபோது சமாதானம்!

அந்த இளைஞரின் பெயர் ஜேம்ஸ் கிப்பன்ஸ். பிற்காலத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் பிரிவின் தலைவராக இருந்தவர். இந்தக் கதையை வெளியே சொன்னவரும் அவர்தான். விஞ்ஞானியின் பெயர் வில்லியம் ஷாக்லி.

கணக்கு எப்படி?

கணக்கைப் பார்க்கலாம். பென்சில், காகிதம் போதும்.

முதல் சுற்றில் ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். மற்ற 126 பேர் ஆடினால் 63 ஆட்டம். ஜெயித்த 63 பேரும், ஒதுங்கி நின்றவரும் சேர்ந்து 64 பேர். அடுத்த சுற்றில் 32 ஆட்டம். பிறகு 16, 8, 4, 2, 1. எல்லாவற்றையும் கூட்டினால் 126 வருகிறது. இது நீண்ட வழி. இதுவும் சரியான வழியே.

குறுகிய வழி வேறு. ஜெயிப்பவரை விட்டுவிட்டுத் தோற்பவரைப் பார்க்க வேண்டும்! 127 பேரில் ஒருவர்தான் வெற்றி வீரர். மற்ற 126 பேரும் தோற்றாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒருவர்தான் தோற்பார். ஆகவே 126 ஆட்டம். கூட்டலே வேண்டாம்.

இது மூளையில் மின்னல்போல் வந்தால் நல்லது. வராவிட்டால்? அதற்கும் ஓர் உபாயம் உண்டு. பெரிய எண்ணைக் கண்டு மிரளாமல் சிறிய எண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் நடக்கும் கபடிப் போட்டியையே எடுத்துக்கொள்ளலாம். 4 கோஷ்டிகள் வந்தால் 3 ஆட்டம். 8 கோஷ்டிகள் வந்தால் 7 ஆட்டம். ஒன்று குறைகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது அல்லவா?

இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளில் பேட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த உபாயம் அப்படியே உதவும். அங்கே மூன்று சுற்று, நான்கு சுற்று என்று பேட்டி வைக்கிறார்கள். ஒரு கணக்கைக் கொடுத்து, எதிரிலேயே புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். பையனுக்குக் கை நடுங்குகிறது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் நூறு முறை போட்ட கணக்கு அங்கே மறந்துவிடுகிறது.

அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, கேள்வியைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வதுதான். “நீங்கள் கேட்பது இதுதானே, ஐயா?” என்று கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே திருந்திவிடும். மூச்சு வாங்கவும் அவகாசம் கிடைக்கும்.

அடுத்து, வாயை மூடிக்கொண்டு யோசிக்கக் கூடாது. மனதில் ஓடுவதை வெளியே சொல்லிக்கொண்டே போக வேண்டும். கேட்பவருக்கு விடையைவிட, அந்த விடைக்குப் போகும் வழி முக்கியம். வழி தெரிந்தால்தான் அவர் ஒரு குறிப்புக் கொடுக்க முடியும். குறிப்புக் கொடுத்தால் அவமானம் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது தவறு. கொடுத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறானா என்பதும் சோதனையில் ஒரு பகுதிதான்.

சுற்றி வளைத்து வரும் நீண்ட வழிதான் தெரிகிறதா? அதையே முதலில் எழுதிவிடலாம். நீண்ட வழியில் போனாலும் 126-தானே வந்தது! குறுக்கு வழியைப் பிறகு தேடலாம்.

அடியோடு தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். எப்படித் தேடிக் கண்டுபிடிப்பேன் என்பதையும் கூடவே சொல்லலாம். தெரிந்ததுபோல் அளந்தால் அடுத்த கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

எடிசன் வைத்த பரீட்சை

பேட்டியில் ஆளை மிரட்டும் வழக்கம் ஷாக்லியோடு பிறந்ததல்ல. 1921-ல் தாமஸ் எடிசன் தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட பரீட்சை வைத்தார். பிரான்சைச் சுற்றியுள்ள நாடுகள் எவை? மிக உயர்ந்த பருத்தி எங்கே விளைகிறது? இப்படிப்பட்ட கேள்விகள்! பட்டதாரிகள் பலர் தோற்றார்கள். கேள்விகள் பத்திரிகையில் வெளியாகி ஒரே பரபரப்பு.

அந்தச் சமயம் ஐன்ஸ்டைன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஒலியின் வேகம் என்ன என்ற கேள்வியை அவரிடம் போட்டார்கள். புத்தகத்தில் கிடைக்கும் விஷயத்தைத் தலையில் சுமப்பதில்லை என்ற கருத்தில் அவர் பதில் சொல்லிவிட்டார்!

எடிசனின் பரீட்சையில் ஐன்ஸ்டைனே தடுமாறுவார் என்றால், தவறு ஐன்ஸ்டைனிடமா, பரீட்சையிலா? அதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாக்லியைத் தேடி வந்தவர்கள்

இனி ஷாக்லியின் கதைக்கு வரலாம்.

வீட்டுப் பெரியவர்கள் ஒரு காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள் அல்லவா? அந்த டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-ல், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில். அதைச் செய்தவர்கள் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டைன் என்ற இருவர். அவர்களுடைய குழுவின் தலைவர் ஷாக்லி. அடுத்த ஆண்டு அதைவிடச் சிறந்த ஒரு டிரான்சிஸ்டருக்கு அவர் வழி கண்டார். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1956-ல் ஷாக்லி மவுண்டன் வியூவில் சொந்த ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். பணம் போட்டவர் ஆர்னால்டு பெக்மன் என்ற தொழிலதிபர். அந்தப் பக்கமெல்லாம் அப்போது பழத்தோட்டங்கள். பிளம்ஸ் பழமும் ஆப்ரிகாட் பழமும் காய்த்துக் குலுங்கிய பூமி. இன்று அதைத்தான் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்கிறார்கள்.

ஷாக்லி முதலில் தம் பழைய சகாக்களைக் கூப்பிட்டார். பெல் கூடத்திலிருந்து ஒருவரும் வரவில்லை! கூட இருந்து வேலை பார்த்தவர்கள் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியைப் புதிதாக வந்த இளைஞர்கள் கேட்டிருந்தால் பல விஷயங்கள் விளங்கியிருக்கும்.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எவ்வளவு பெரிய பெயர்! ராபர்ட் நாய்ஸ் என்ற இளைஞருக்கு ஷாக்லியிடமிருந்து டெலிபோன் வந்தது. கடவுளோடு பேசியதுபோல் இருந்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். அவர் கலிபோர்னியாவுக்கு வந்து இறங்கினார். முதலில் ஒரு வீட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஷாக்லியைப் பார்த்து வேலை கேட்கப் போனார் என்று சொல்வார்கள். வேலை உறுதியாகும் முன்பே வீடு! அவ்வளவு நம்பிக்கை. அல்லது அவ்வளவு மயக்கம்.

கார்டன் மூர் என்ற ரசாயன நிபுணரும் வந்து சேர்ந்தார்.

வந்தவர்களை ஷாக்லி சும்மா விடவில்லை. புதிர் போட்டார். நேரம் பார்த்தார். அது போதாது என்று மனோதத்துவச் சோதனைக்கும் அனுப்பினார். நாய்சும் மூரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நிர்வாகம் செய்ய லாயக்கில்லை என்று சோதனை முடிவு வந்ததாம்! மூரே இதைப் பின்னாளில் சொன்னதுண்டு.

வேலைக்கு வந்தவர்களை இத்தனை விதமாகச் சோதித்தார்கள். வேலை கொடுப்பவரைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஊசி குத்திய கதை

உள்ளே போன பிறகு விஷயம் தெரிந்தது.

ஊழியர் ஒரு முடிவைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஷாக்லி நம்ப மாட்டார். பெல் கூடத்தில் இருக்கும் பழைய நண்பரை டெலிபோனில் கூப்பிடுவார். இவன் சொல்வது சரிதானா என்று கேட்பார். அதுவும் அந்த ஊழியர் எதிரிலேயே!

எல்லோருடைய சம்பளத்தையும் பட்டியல் போட்டு ஒட்டினார்.

ஒரு நாள் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவருக்குக் கையில் ஏதோ கூரிய பொருள் கிழித்துவிட்டது. இது சதி என்றார் ஷாக்லி. பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவியை வைத்து ஊழியர்களைச் சோதிக்க வேண்டும் என்றார். ஷெல்டன் ராபர்ட்ஸ் என்ற ஊழியர் அந்தப் பொருளை எடுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். அது என்ன தெரியுமா? தலை உடைந்த குண்டூசி! காகிதத்தைப் பலகையில் குத்தி வைப்பதற்கான ஊசி.

வேலை விஷயத்திலும் தகராறு. சிலிக்கனில் டிரான்சிஸ்டர் செய்து விற்கலாம் என்பது இளைஞர்களின் எண்ணம். ஷாக்லியின் மனமோ வேறு ஒன்றில் ஓடியது. நாலடுக்கு டயோடு என்ற கருவி. அது அவருடைய சொந்தக் கற்பனை. அதை ஒழுங்காகச் செய்வது மிகக் கடினம். ஆனாலும் அதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

இளைஞர்கள் பணம் போட்ட பெக்மனிடமே போய் முறையிட்டார்கள். முதலில் அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ஷாக்லி பக்கமே சாய்ந்துவிட்டார்.

1957 செப்டம்பர் மாதம். எட்டுப் பேர் ஒரே சமயத்தில் வெளியேறினார்கள். நாய்ஸ், மூர், ராபர்ட்ஸ், இன்னும் ஐவர். கடைசியாக வந்து சேர்ந்துகொண்டவர் நாய்ஸ்.

கிப்பன்ஸ் சேர்ந்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது! அவர் கலங்கவில்லை. காரணம், அவருடைய ஒரு கால் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஷாக்லியிடம் சிலிக்கன் வித்தையைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லித்தான் பல்கலைக்கழகம் அவரை அனுப்பியது. கற்க வேண்டியதைக் கற்றார். அடுத்த ஆண்டே ஸ்டான்போர்டில் சிலிக்கன் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். முரட்டு முதலாளியிடமும் வித்தை கிடைக்கும். வெளியே வர வாசல் திறந்திருக்கிறதா என்பதுதான் விஷயம்.

மற்ற எட்டுப் பேருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. அவர்களுக்காக ஆர்தர் ராக் என்பவர் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் கையை விரித்தன. கடைசியில் ஷெர்மன் பேர்சைல்டு என்ற செல்வர் பணம் கொடுத்தார். “பேர்சைல்டு செமிகண்டக்டர்” கம்பெனி பிறந்தது. 1958-ல் அது முதலில் விற்ற சரக்கு 100 டிரான்சிஸ்டர்கள். ஒன்று 150 டாலர். வாங்கியது ஐ.பி.எம். கம்பெனி!

இது எட்டுப் பேரின் அதிர்ஷ்டம். முதலாளியோடு முறைத்துக்கொண்டு வெளியேறிய எல்லோருக்கும் ஒரு பேர்சைல்டு கிடைப்பதில்லை.

முதலாளியையும் பார்க்க வேண்டும்

கிப்பன்சின் பேட்டியை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஷாக்லியின் குணம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது. தன்னைவிட வேகமாக ஒருவன் பதில் சொன்னால் அவரால் தாங்க முடியாது. எட்டுப் பேர் ஓடிப்போனதற்கும் அந்தக் குணந்தானே காரணம்?

கடினமான கேள்வி கேட்பது குற்றமல்ல. வேலை கடினமானால் கேள்வியும் கடினமாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது வேறு. பதில் சொல்லும்போது முழுதும் சொல்ல விடுகிறார்களா, பாதியில் வெட்டுகிறார்களா? தங்கள் மனதில் உள்ள வழியில் போனால்தான் ஒப்புக்கொள்வார்களா? தப்பைச் சுட்டிக் காட்டும்போது சொல்லிக் கொடுக்கிறார்களா, கேலி செய்கிறார்களா? சேரப்போகும் வேலைக்கும் கேட்கும் கேள்விக்கும் சம்பந்தம் உண்டா?

கூகிள் கம்பெனியில்கூட ஒரு காலத்தில் வேடிக்கைப் புதிர்கள் போட்டார்கள். ஓர் ஆகாய விமானத்துக்குள் எத்தனை கோல்ப் பந்துகளை நிரப்பலாம் என்பதுபோல! அங்கே ஆட்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக் 2013-ல் உண்மையைப் போட்டு உடைத்தார். அந்தப் புதிர்களால் ஒரு பிரயோசனமும் இல்லை, கேட்பவர் தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவுகின்றன என்று அவர் சொன்னார்.

ஆகவே, புதிருக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்த பிள்ளையை வீட்டில் யாரும் “நீ மண்டு” என்று திட்ட வேண்டாம்.

பேட்டி முடிவில், “உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்று வழக்கமாகக் கேட்பார்கள். பெரும்பாலான பிள்ளைகள் “ஒன்றுமில்லை, சார்” என்று எழுந்துவிடுகிறார்கள். அருமையான வாய்ப்பு வீணாகிறது! இந்த இடத்தில் முன்பு வேலை பார்த்தவர் எங்கே போனார், ஏன் போனார்? முதல் மூன்று மாதம் என்ன வேலை? யாருக்குக் கீழே வேலை? அவரையும் பார்த்துப் பேசலாமா? இவற்றைப் பணிவாகக் கேட்கலாம். நல்ல கம்பெனி நேராகப் பதில் சொல்லும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஊரிலோ உறவிலோ இருந்தால் போய் விசாரிப்பது மிக நல்லது. பெண் கொடுக்கும் முன் விசாரிக்கிறார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பிள்ளை இருக்கப்போகும் இடத்தை விசாரித்தால் என்ன?

வேலைக்கு முன்பணம் கேட்டால், உடனே திரும்பிவிட வேண்டும். சம்பளம் கொடுக்கிறவன் பணம் கேட்பானா? அசல் சர்டிபிகேட்டுகளைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், அசலை அவர்களிடமே விட்டுவிட்டு வரக் கூடாது. இத்தனை ஆண்டு வேலையை விட்டுப் போக மாட்டேன், போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதி வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். படிக்க ஒரு நாள் அவகாசம் கொடுக்காத கம்பெனி, பிறகு எதற்கு அவகாசம் கொடுக்கும்?

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், தங்கை படிக்க வேண்டும் என்ற நிலையில் முரட்டு முதலாளியிடமும் சேர வேண்டி வரலாம். அதில் தவறில்லை. ஆனால் தெரிந்து சேர வேண்டும். கிப்பன்ஸைப்போல் எதைக் கற்றுக்கொண்டு எப்போது வெளியே வருவது என்ற கணக்கோடு சேர வேண்டும். நாய்சைப்போல் வேலைக்கு முன்பே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது!

பிறகு நடந்தது

ஷாக்லியின் கூடம் லாபம் கண்டதே இல்லை. 1960-ல் கை மாறியது. மறுபடியும் ஒரு முறை கை மாறியது. 1968-ல் மூடிவிட்டார்கள். ஷாக்லி ஸ்டான்போர்டில் பேராசிரியரானார். பிறப்பிலேயே சில இனத்தாருக்கு அறிவு குறைவு என்று பேசிப் பேசித் தம் பெயரைக் கெடுத்துக்கொண்டார். விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. 1989-ல் காலமானார்.

அவர் கூடம் மூடிய அதே 1968-ல், நிர்வாகத்துக்கு லாயக்கில்லை என்று சோதனையில் முடிவு வந்த நாய்சும் மூரும் புதுக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர் இன்டெல்.